பின் டீரெயிலர்: ஸ்குருவைத் தொடும் முன் ஹேங்கரைப் பாருங்கள்

மவுண்டன் பைக்கில் கியர் சரியாக விழவில்லை என்றால், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பின் டீரெயிலரின் ஸ்குருவை உடனே திருக வேண்டாம். வாங்கிய பாகம் பொருத்தமானதா, மாட்டிய இடம் நேராக இருக்கிறதா? பாதிச் சிக்கல் இந்த இரண்டில்தான்.

முதலில் வாங்குவது. ஷிஃப்டர் (கைப்பிடியிலுள்ள கியர் லீவர்), டீரெயிலர், கேசட் (பின் பல்சக்கரங்களின் அடுக்கு), செயின் நான்கும் ஒரே ஸ்பீடாக, அதாவது ஒரே எண்ணிக்கைப் பின் பல்சக்கரங்களுக்கானதாக இருக்கட்டும். ஷிமானோ ஷிஃப்டரோடு ஸ்ராம் டீரெயிலரைக் கலக்காதீர்கள். ஒரு கிளிக்குக்கு இழுபடும் கேபிளின் அளவு இரண்டிலும் வேறு. ஒரே பெயருக்குள்ளும் ஏமாறலாம்: 12 ஸ்பீடு ஷிமானோ டியோரில் எம்6100 டீரெயிலர் 51 பல்லுள்ள பின் சக்கரம் வரை ஏறும், எம்6120, 45 பல்லோடு சரி. பெடல் பக்கம் இரட்டைப் பல்சக்கரம் உள்ளவர்களுக்குத்தான் இரண்டாவது. காட்டுப் பாதையில் ஓட்டுவதென்றால் கிளட்ச் (டீரெயிலர் முன்னும் பின்னும் ஆடாமல் பிடிக்கும் அமைப்பு) உள்ளதையே வாங்குங்கள், செயின் அவ்வளவாகத் துள்ளாது.

அடுத்து ஹேங்கர். டீரெயிலரைத் தாங்கும் இந்தச் சின்ன அலுமினியத் துண்டு, அடி விழுந்தால் ஃப்ரேமுக்குப் பதில் தான் வளைவதற்கென்றே இருக்கிறது. டீரெயிலரை மாட்டியபின் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு ஜாக்கி வீல்களும் (டீரெயிலரில் செயின் ஓடும் சின்னச் சக்கரங்கள்) கேசட்டின் பற்களுக்கு இணையாக, செங்குத்தாகத் தெரிய வேண்டும். கோணலாக இருந்தால் கடையில் அளவுக் கருவி வைத்து நிமிர்த்தச் சொல்லுங்கள். வளைந்த ஹேங்கரை எந்த ஸ்குருவாலும் சரிக்கட்ட முடியாது.

மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். அப்புறம் 5 மி.மீ. ஆலன் கீ, இறுக்கம் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்.

கேபிளை இன்னும் கோர்க்காமல், செயின் சின்னப் பல்சக்கரத்தில் இருக்கும்போது, மேல் ஜாக்கி வீல் அதற்கு நேர் கீழே வரும்வரை, வெளிப்பக்க எல்லையை வைக்கும் 'எச்' ஸ்குருவைத் திருப்புங்கள். பிறகு பெடலைச் சுற்றிக்கொண்டே டீரெயிலரைக் கையால் உள்பக்கம் தள்ளுங்கள். செயின் பெரிய சக்கரத்தில் ஏற வேண்டும், அதைத் தாண்டக் கூடாது. இது உள்பக்க எல்லையை வைக்கும் 'எல்' ஸ்குருவின் வேலை. இதில் அலட்சியம் வேண்டாம்: செயின் ஸ்போக்குக்குள் விழுந்தால் டீரெயிலரே பிய்ந்து போகும்.

இப்போது ஷிஃப்டரைச் சின்னச் சக்கர நிலைக்குக் கொண்டுவந்து, கேபிளை விறைப்பாக இழுத்து இறுக்குங்கள். ஒரு கிளிக் அழுத்தியும் செயின் ஏறத் தயங்கினால், ஷிஃப்டரில் கேபிள் வெளியே வரும் இடத்திலுள்ள, கேபிளின் இழுவையை மாற்றும் பேரல் அட்ஜஸ்டரை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்புங்கள். இரண்டு பல் தாவினால் வலஞ்சுழி. நுணுக்கமாகப் பார்க்க ஒரு வழி: செயின் இரண்டாவது சின்னச் சக்கரத்தில் ஓடும்போது, லீவரின் தளர்வு தீரும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். செயின் அடுத்த சக்கரத்தை லேசாக உரசி 'கரகர' என்றால் இழுவை சரி. லீவரை விட்டதும் சத்தம் நிற்க வேண்டும்.

கடைசியாக 'பி' ஸ்குரு: மேல் ஜாக்கி வீலுக்கும் கேசட்டுக்கும் உள்ள இடைவெளியை மாற்றுவது. எம்6100-இல் ஜாக்கி வீல்களைத் தாங்கும் கூண்டுக்குப் பின்புறம் ஒரு கோடு இருக்கும். செயினைப் பெரிய சக்கரத்தில் ஏற்றி, பல்லின் நுனி அந்தக் கோட்டோடு ஒத்துவரும்படி வையுங்கள். பின் சஸ்பென்ஷன் உள்ள பைக் என்றால் யாரையாவது சீட்டில் உட்காரவைத்து அளப்பது நல்லது.

புதுக் கேபிள் சில நாள் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும். அப்போது பேரல் அட்ஜஸ்டரை மட்டும் தொடுங்கள். எச், எல் இரண்டும் அப்படியே இருக்கட்டும்.