ஆடி வெயிலைத் தாங்கும் நிறங்கள்: வன்னி வளவுக்குப் பூங்கன்று தெரிதல்

மார்கழியில் நாற்றுமேடைக்குப் போனால் எல்லாக் கன்றும் செழிப்பாகத்தான் நிற்கும். வன்னியில் கன்று தெரியும்போது நினைக்க வேண்டியது ஆடி, ஆவணியை. கிணறு வற்றி, சோழகக் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சும் அந்த மாதங்களில் ஒரு கன்றுக்கு எவ்வளவு தண்ணீர் வார்க்க முடியும் என்று முதலில் கணக்குப் பாருங்கள். நிறத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

ஆண்டு முழுக்க நிறம் தருபவை ஒரு வகை, மாரி ஈரத்தில் வந்து போகும் பருவப்பூக்கள் இன்னொரு வகை. வளவின் பெரும்பகுதியை முதல் வகைக்கே கொடுங்கள்.

அதில் முதலிடம் போகன்வில்லாவுக்கு. ஆறு மணிநேரமாவது நேர்வெயில் படும் இடம் வேண்டும். வேர் பிடித்த பின் தண்ணீரைக் குறைத்தால்தான் நன்றாகப் பூக்கும். தினமும் தண்ணீரும் அடிக்கடி யூரியாவும் கொடுத்தால் இலையும் முள்ளுமாகவே நிற்கும். ஒரு பூப்பு முடிந்ததும் நுனிகளை வெட்டிவிடுங்கள். அடுத்த பூ புதுத் துளிரில்தான் வரும். பென்சில் தடிப்புள்ள தடியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி மாரியில் நட்டால் வேர்விடும்.

குரோட்டனுக்கு இலைதான் நிறம். அடர்ந்த நிழலில் வைத்தால் பச்சையாகிவிடும். ஆனால் நிழல்வலைக்குள் வளர்ந்த கன்றை வாங்கிய அன்றே முற்றத்து வெயிலில் வைத்தால் இலை கருகும். முதல் வாரம் காலை வெயில் மட்டும், அடுத்த வாரம் இன்னும் இரண்டு மணிநேரம் என்று பழக்குங்கள். பட்டிப்பூ, அதாவது நித்தியகல்யாணி, முல்லைத்தீவுக் கரையோர மணலிலும் பூக்கும்; தண்ணீர் தேங்கினால் மட்டும் அடித்தண்டு அழுகி ஒரே நாளில் சாயும்.

வெட்சி வைக்க விரும்புவோர் கிணற்று நீரைக் கவனியுங்கள். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் நீரென்றால், நரம்பு பச்சையாக இருக்க இலை மஞ்சளாகும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வேர் இரும்புச் சத்தை எடுக்க முடியாததே காரணம். புதிதாகச் சீமெந்து பூசிய மதிலோரத்திலும் இதுவே நடக்கும். கூட்டெரு நிறைய இட்டு, முடிந்தவரை மழைநீர் வாருங்கள்.

பருவப்பூக்களில் சினியாவை அடைமழையில் விதைக்க வேண்டாம், இலைப்புள்ளி வந்துவிடும். தை பிறந்ததும் அரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் விதைத்து, 25 முதல் 30 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டால் பங்குனி, சித்திரையில் பூத்து நிற்கும். வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் இதே காலத்துக்கு ஒத்துவரும்.

செம்மண் பாத்தியை முதல் மழைக்குப் பிறகு கொத்துங்கள். காய்ந்த நிலையில் மண்வெட்டி இறங்காது. நன்றாக நனைந்த பின் கொத்தினால் கட்டியாகும். மாரியில் பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கள். கோடையில் கன்றைச் சுற்றித் தாழ்வான வட்டம் வேண்டும். முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் கருங்களியில் சாடியே நல்லது. அந்த மண் கோடையில் வெடித்து வேரை அறுக்கும்.

சாடிக் கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்கு உக்கிய மாட்டெரு, ஒரு பங்கு உமிக்கரி. அடித்தண்டு பருத்து நிற்கும் அடினியத்துக்கு மட்டும் பாதிக்குப் பாதி பருமணல் சேருங்கள். எரு உக்காமல் இருந்தால் வேர் சுடும், கறையானும் வரும். கையளவு வேப்பம்பிண்ணாக்கைக் கலந்து வைப்பது நல்லது.

கறுப்புப் பிளாஸ்ரிக் சாடி மேற்கு வெயிலில் சூடேறி, அந்தப் பக்கத்து வேர் வெந்துபோகும். காலையில் தண்ணீர் வார்த்தும் கன்று பின்னேரம் வாடுகிறதென்றால் இதையும் சந்தேகியுங்கள். வெளிப்புறம் வெள்ளை பூசுங்கள், அல்லது மண்சாடி வாங்குங்கள். சின்னச் சாடி பத்தைவிட 14 அங்குலச் சாடி மூன்று குறைந்த தண்ணீரில் பிழைக்கும். பழைய பெயின்ற் வாளியென்றால் அடியில் விரல் தடிப்பில் ஐந்து துளை போடுங்கள். ஆழமில்லாத சட்டிக்குப் பத்துமணிப்பூ போதும். மூன்று அங்குல நுனியைக் கிள்ளி ஊன்றினாலே பிடிக்கும். சில மாதங்களில் தண்டு நீண்டு பூக் குறையும்போது மறுபடி கிள்ளி ஊன்றுங்கள்.

நிறச் சேர்க்கையில் பலர் கவனிக்காத ஒன்று: செம்மண் முற்றத்தில் மங்கிய சிவப்பும் செம்மஞ்சளும் தூரத்தில் எடுபடாது. மண்ணோடு கலந்துவிடும். வெள்ளை, இளமஞ்சள், கடும் ஊதா மூன்றும் தெளிவாகத் தெரியும். ஒரே நிறத்தில் ஐந்து கன்றைச் சேர்த்து நடுங்கள். ஒவ்வொன்றாகக் கலந்தால் எதுவும் கண்ணில் நிற்காது.

அவிழ்த்துவிட்ட ஆடும் மாடும் பட்டிப்பூவையும் அடினியத்தையும் பெரும்பாலும் தொடாது. அலரியும் நஞ்சு, அதை வெட்டினால் கிளையைக் கால்நடை வாய்படும் இடத்தில் போடவே கூடாது. பிள்ளைகள் விளையாடும் வளவில் மஞ்சள் அலரியை அறவே தவிருங்கள், கொட்டை உயிருக்கே ஆபத்து. ஐப்பசி தொடங்கியதும் சாடிகளின் கீழ்த்தட்டுகளை எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். டெங்கு நுளம்பு பெருகுவது அந்தத் தண்ணீரில்தான்.