சம்மத வயதை உயர்த்தச் சொல்லி மனு கொடுப்பது எப்படி

பாலுறவுக்குச் சம்மதிக்கும் வயது 14 மாதிரிக் குறைவாக இருக்கும் நாடுகளில், அதை உயர்த்த வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறவர்களில் பலர் மனுவில் ஒரே ஒரு வரி எழுதுகிறார்கள்: 14-ஐ 16 ஆக்குங்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் இணையம் வழியாகக் குழந்தைகளைத் தேடி வருகிறவர்களைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால் அந்த ஒரு வரி போதாது. அந்த எண் நகரும்போது சட்டத்தின் வேறு எந்தப் பிரிவுகள் கூடவே நகரும், எவை நகராமல் அப்படியே நின்றுவிடும் என்று பார்க்காமல் எழுதினால் "இதற்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறது" என்று பதில் போட்டு மனுவை மூடிவிடுவார்கள்.

அதனால் முதல் வேலை, உங்கள் நாட்டுக் குற்றவியல் சட்டத்தை எடுத்து உட்கார்ந்து படிப்பது. அதில் ஒரு வயது இருக்காது, பல வயதுகள் இருக்கும். உடலுறவுக்கு எந்த வயது, ஆசிரியர், பயிற்சியாளர் மாதிரிப் பொறுப்பில் இருப்பவர் என்றால் எந்த வயது, ஆபாசப் படம் எடுப்பதற்கும் வைத்திருப்பதற்கும் எந்த வயது, அலைபேசியில் பாலியல் பேச்சுப் பேசினால் எந்த வயது என்று தனித்தனியாக ஒரு தாளில் எழுதுங்கள். பல நாடுகளில் படங்களுக்கான வயது 18 என்று இருக்கும், ஏனென்றால் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் பொதுவாக 18 வயதுக்குக் கீழ் என்றாலே குழந்தைதான். உறவுக்கான வயது மட்டும் 14, 15 என்று கீழே கிடக்கும்.

அந்தத் தாளில் நீங்கள் தேட வேண்டிய ஓட்டை இதுதான். குழந்தையை இணையத்தில் வசப்படுத்துவது குற்றம் என்று பல நாடுகளில் பிரிவு இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் 'ஒரு பாலியல் குற்றம் செய்யும் நோக்கத்தோடு' வசப்படுத்தினால்தான் குற்றம் என்று எழுதப்பட்டிருக்கும். சம்மத வயது 14 என்றால் 15 வயதுப் பெண்ணோடு உறவு கொள்வதே சட்டப்படி குற்றமில்லை. குற்றமில்லாத ஒன்றுக்காக மாதக்கணக்கில் இனிக்க இனிக்கப் பேசி வரவழைத்தால் அந்தப் பேச்சும் குற்றமில்லை என்று ஆகிவிடுகிறது. அதாவது 40 வயது ஆள் அவளிடம் பேசிய பேச்சு முழுவதும் திரையில் அப்படியே இருந்தாலும், பணம், மிரட்டல், படம் என்று வேறு ஏதாவது சிக்காத வரை காவல்துறைக்குப் பிடி கிடைக்காது. குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காப்பதற்கான ஐரோப்பிய கவுன்சிலின் 2007 லான்சரோட்டே உடன்படிக்கைகூட, வசப்படுத்தும் குற்றத்துக்கு அந்தந்த நாட்டின் சம்மத வயதையே அளவாக வைத்திருக்கிறது. அந்த வயதை உயர்த்தினால் இணையத்துக்கான பாதுகாப்புக் கோடும் சேர்ந்து உயரும். உங்கள் மனுவின் முதுகெலும்பு இந்த வாதம்தான், முதல் பத்தியிலேயே வையுங்கள்.

இது வெறும் வாதமில்லை, நடந்திருக்கிறது. கனடாவில் வயது 14 ஆக இருந்தபோது, இணையத்தில் பழகிய 14 வயதுச் சிறுவனைச் சந்திக்க டெக்சஸிலிருந்து ஒட்டாவாவுக்கே ஒருவர் வந்த வழக்கு பெரிய விவாதத்தைக் கிளப்பியது, 2008 மே 1 முதல் அங்கே வயது 16. தென் கொரியாவில் டெலிகிராம் அறைகளில் சிறுமிகளை மிரட்டிப் படம் எடுத்து விற்ற 'என்-ஆவது அறை' கொடுமை வெளியே வந்த பிறகு, 2020-இல் 13-லிருந்து 16-க்கு உயர்த்தினார்கள். பிலிப்பைன்ஸ் 2022-இல் 12-லிருந்து 16. ஜப்பானில் 1907-லிருந்து 13 ஆக இருந்தது, 2023-இல்தான் 16 ஆனது.

இந்த நாடுகளின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், அவர்கள் எண்ணோடு சேர்த்து என்ன எழுதினார்கள் என்று பாருங்கள், ஏனென்றால் உங்கள் மனு ஜெயிப்பதும் தோற்பதும் அங்கேதான். முதலில் வயது நெருக்க விலக்கு. கனடாவில் 14, 15 வயதுப் பிள்ளைக்கும் துணைக்கும் 5 வருடத்துக்குக் குறைவான வித்தியாசம் என்றால் வழக்கு இல்லை. பிலிப்பைன்ஸில் இந்த எல்லை 3 வருடம். ஜப்பானில் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் 5 வருடமோ அதற்கு மேலோ மூத்தவர்தான் குற்றவாளி. இந்த விலக்கைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியா உதாரணம். 2012-இல் போக்சோ சட்டம் வயதை 18 ஆக்கியது, விலக்கு எதுவும் வைக்கவில்லை, 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் ஒருவரை ஒருவர் விரும்பியிருந்தாலும், அந்தப் பையன் கொடூரமான குற்றவாளிகளுக்கான அதே சட்டத்தில் போய் மாட்டிக்கொண்டான். இதை மாற்றுவது பற்றி யோசிக்கச் சொல்லி உயர் நீதிமன்றங்களே எழுதும் நிலை வந்தது. பதின்ம வயதினரை ஜெயிலுக்கு அனுப்புவது உங்கள் நோக்கமில்லை என்று மனுவிலேயே தெளிவாக எழுதிவிட்டால், எதிர்ப்பவர்களில் பாதிப் பேர் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

இரண்டாவது, நேரில் சந்திக்காமலே நடக்கும் குற்றம். பழைய சட்டங்கள் தொடுதலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இன்றைக்கு ஒரு குழந்தையை அவளுடைய அறையில் உட்கார வைத்தே கேமரா முன்னால் எதையும் செய்ய வைத்துவிட முடிகிறது. இங்கிலாந்து, வேல்ஸில் 2017 ஏப்ரலிலிருந்து 16 வயதுக்குக் கீழ் உள்ளவரிடம் பாலியல் இச்சைக்காகச் செய்தி அனுப்புவதே தனிக் குற்றம், சந்திப்பு தேவையில்லை. ஜப்பானும் 2023-இல் படம் அனுப்பச் சொல்லிக் கேட்பதைக் குற்றமாக்கியது. இப்படி ஒரு பிரிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் சின்னச் சின்னதாக மூன்று. தன் படத்தைத் தானே அனுப்பிவிட்ட குழந்தை மேல் வழக்குப் போடக் கூடாது, போடலாம் என்று இருக்கும் வரை மிரட்டுகிறவன் அதையே சொல்லி மிரட்டுவான். 'வயது தெரியாது' என்று தப்பிக்க விடக் கூடாது. வயதை அறிய நியாயமான எல்லா முயற்சியும் எடுத்தேன் என்று காட்டினால்தான் அந்த வாதம் செல்லும் என்று கனடா மாதிரி எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது, கருத்தடைக்கோ சிகிச்சைக்கோ மருத்துவரிடம் வரும் பிள்ளை போலீஸுக்குப் பயந்து வராமல் போய்விடாதபடி ஒரு பாதுகாப்பு. இந்த மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதில் ரொம்ப வருத்தம் உண்டு.

மனுவின் மையப் பகுதி இப்படி இருக்கலாம்: "சம்மத வயதை 16 ஆக உயர்த்தவும், வயது இடைவெளி 5 வருடத்துக்குக் குறைவாக உள்ள இளையோருக்கு விலக்கு அளிக்கவும், 16 வயதுக்குக் கீழ் உள்ளவரிடம் பாலியல் நோக்கத்தோடு இணையத்தில் தொடர்புகொள்வதைச் சந்திப்பு நிகழாவிட்டாலும் குற்றமாக்கவும், படத்துக்கான வயது 18 என்பதைக் குறைக்காமல் வைத்திருக்கவும், பாதிக்கப்பட்ட குழந்தையைக் குற்றவாளியாக்காமல் இருக்கவும் கேட்டுக்கொள்கிறோம்." எண்களை உங்கள் நாட்டுக்கு ஏற்ப மாற்றுங்கள். மொத்தம் ஒரு பக்கம், ஆதாரங்களைத் தனியாக இணைக்கலாம்.

ஆதாரம் என்றால் வெளியான தீர்ப்புகள், காவல்துறை ஆண்டறிக்கைகள், குழந்தைகள் உதவி எண்களின் அறிக்கைகள். படங்களை, வீடியோக்களைச் சாட்சிக்காக என்றுகூடச் சேகரிக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். வைத்திருப்பதே பெரும்பாலான நாடுகளில் குற்றம், அந்தக் குழந்தைக்கு மறுபடியும் ஒரு கொடுமை. சிறுமி மாதிரி நடித்து ஆளைப் பிடித்து வீடியோ போடுகிற வேலையும் வேண்டாம், நீதிமன்றத்தில் வழக்கு உடைந்து போக அது ஒன்றே போதும். பாதிக்கப்பட்டவர் பேச முன்வந்தால் வயது, பள்ளி, ஊர் எல்லாவற்றையும் மறைத்து, எந்த நேரமும் பின்வாங்கும் உரிமையோடு மட்டும் பேச வையுங்கள்.

இந்த வேலையில் இறங்கினால் "என் பிள்ளைக்கு இப்போதே இது நடக்கிறது" என்று யாராவது உங்களைத் தேடி வருவார்கள், கட்டாயம் வருவார்கள். அப்போது மனுவை ஓரமாக வைத்துவிடுங்கள். பணம் கொடுக்க வேண்டாம், மிரட்டுகிறவனுக்குப் பதில் போட வேண்டாம், உரையாடலையும் கணக்கையும் அழிக்க வேண்டாம், அதே அலைபேசியோடு காவல்துறைக்கோ குழந்தைகள் உதவி எண்ணுக்கோ போகச் சொல்லுங்கள். படம் பரவும் என்ற பயம் இருந்தால் காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்க மையம் (என்.சி.எம்.இ.சி.) நடத்தும் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை அனுப்பத் தேவையில்லை, படத்திலிருந்து கணக்கிடப்படும் எண்ணடையாளம் (ஹேஷ்) மட்டும் சாதனத்திலிருந்து போகும், அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும். அந்தப் பிள்ளையிடம் முதலில் சொல்ல வேண்டியது, தப்பு உன்னுடையதில்லை என்பதைத்தான்.

சரி, மனு தயார். ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், சட்டத்தை ஆராயும் குழுவின் தலைவர் என மூன்று இடத்திலும் கொடுங்கள், ஒரு கட்சியின் கோரிக்கையாக மாறிவிட்டால் இழுத்தடிக்கப்படும். குழு கருத்துக் கேட்கும்போது எழுத்தில் கொடுப்பதோடு நேரில் பேசவும் நேரம் கேளுங்கள்.

மசோதா வந்துவிட்டது என்று ஓய்ந்துவிடாதீர்கள், ஒவ்வொரு திருத்தத்தையும் கடைசி வாசிப்பு வரை படியுங்கள். 1885-இல் பிரிட்டன் 13-லிருந்து 16-க்கு உயர்த்திய அதே மசோதாவில், கடைசிக் கட்டத்தில் லபூஷேர் என்ற உறுப்பினர் ஆண்களுக்கு இடையிலான உறவைத் தண்டிக்கும் ஒரு பிரிவைச் செருகினார், குழந்தைகளைக் காக்க வந்த சட்டம் எத்தனையோ பெரியவர்களின் வாழ்க்கையை அழித்தது, எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு சிறைக்குப் போனதும் அந்தப் பிரிவில்தான். நிறைவேறிய பிறகு நடைமுறைக்கு வரும் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு முன் நடந்தவற்றுக்குப் புதிய வயது பொருந்தாது என்பதை உங்களிடம் உதவி கேட்டு வரும் குடும்பங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பழைய சட்டத்திலேயே மிரட்டலுக்கும் படத்துக்கும் வழக்குப் போட வழி இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.