மூன்று சைக்கிளுக்குப் பெடல்: கையைக் கடிக்காமல் வாங்குவது எப்படி

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு ஒரு ரோடு பைக், வேலைக்குப் போக ஒரு ஹைப்ரிட், கடைகண்ணிக்கு அப்பா காலத்து 22 இன்ச் சைக்கிள். இப்படி மூன்று வண்டி நிற்கும் வீட்டில் பெடல் வாங்கப் போகிறவர் செய்யும் முதல் தவறு, ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக 'பொருத்தமான' பெடல் தேடுவது. ரோடு பைக்குக்கு ஒரு கிளிப் பெடல் (ஷூவைப் பூட்டிக்கொள்ளும் பெடல்), ஹைப்ரிட்டுக்கு வேறொரு கிளிப் பெடல் என்று வாங்கினால் பெடலுக்கேற்ற ஷூவும், அதன் அடியில் திருகும் பூட்டுத் துண்டான கிளீட்டும் தனித்தனியாக வேண்டும். பெடலுக்கு ஆகும் பணத்தைவிட அதற்குப் பின்னால் வரும் செலவுதான் அதிகம். வண்டி மூன்றானாலும் மிதிக்கிற கால் ஒரே ஜோடிதான். அதனால் முதலில் ஷூவை முடிவு செய்யுங்கள். பெடல் தானாக முடிவாகிவிடும்.

அதற்கு முன் மரையைப் பாருங்கள்

பெரியவர்கள் ஓட்டும் இன்றைய சைக்கிள்களில் கிராங்கில், அதாவது பெடல் மாட்டும் கையில், உள்ள பெடல் துளை பெரும்பாலும் 9/16 அங்குலம், அதாவது 14.3 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 20 மரை. கிராங்கின் இரு கையும் நடு அச்சும் ஒரே இரும்புக் கம்பியாக வளைத்துச் செய்த வண்டிகளில், முக்கியமாகக் குழந்தைகள் சைக்கிளில், 1/2 அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் வரும். பழைய பெடலைக் கழற்றி, மரையின் வெளிவிட்டத்தைப் பள்ளிக்கூட ஸ்கேலில் வைத்துப் பார்த்தாலே இந்த ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். காட்டர் பின் (கிராங்கை நடு அச்சோடு பிடிக்கும் ஆப்பு) போட்ட பழைய வண்டிக்கும், பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டிக்கும் ஊகத்தில் வாங்காமல் ஒருமுறை அளந்துவிடுங்கள். 1/2 அங்குலப் பெடல் 9/16 துளைக்குள் லொடலொடவென்று நுழையும். 'வாஷர் வைத்து இறுக்கிடலாம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வலது பெடலுக்கு வலது மரை, இடது பெடலுக்கு இடது மரை. ஆக்சில் (பெடலின் அச்சுக்கம்பி) முனையிலோ ஸ்பேனர் பிடிக்கும் இடத்திலோ ஆர், எல் என்று பொறித்திருக்கும். எழுத்து அழிந்திருந்தால் மரை மேல் நோக்கி இருக்கும்படி பெடலைப் பிடித்துப் பாருங்கள். மரைக்கோடுகள் வலப்புறமாக ஏறினால் வலது பெடல், இடப்புறமாக ஏறினால் இடது. தனித்தனியாகக் கிடக்கும் பழைய பெடல்களில் ஜோடி சேர்க்கும்போது இந்தச் சோதனை உதவும்.

தட்டைப் பெடலா, கிளிப் பெடலா?

செருப்போடும் சாதாரண ஷூவோடும் ஓட்டும் வண்டிகளே வீட்டில் அதிகம் என்றால் எல்லாவற்றுக்கும் தட்டைப் பெடல் போதும். மலிவு விலையில் நைலான் உடம்புதான் எங்கள் தேர்வு. அலுமினியம் பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் மலிவான அலுமினியப் பெடலும் மலிவான நைலான் பெடலும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் சாகின்றன: பேரிங். உடம்பு உடைந்து போனவை குறைவு. கல்லில் இடித்தாலும் நைலான் வழுக்கிக்கொண்டு போய்விடும். வெயிலில் நின்றாலும் கையைச் சுடாது.

மிதிக்கும் பரப்பு சுமார் 10 சென்டிமீட்டர் அகலமும் நீளமும் இருந்தால் நல்லது. அதைவிடச் சின்னதாக இருந்தால் மெல்லிய ஷூவில் நீண்ட தூரம் போகும்போது பாதத்தின் நடுவில் ஒரு கட்டை அழுத்துவது போல வலிக்கும். பெடலில் குத்தி நிற்கும் பின்கள் கழற்றி மாட்டக்கூடிய சின்ன இரும்பு ஸ்க்ரூக்களா, உடம்போடு வார்த்த நைலான் முனைகளா என்று பாருங்கள். வார்த்த முனை தேய்ந்தால் அவ்வளவுதான். ஸ்க்ரூ என்றால் ஒன்றிரண்டு போனாலும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ரப்பர் செருப்போடு ஓட்டும் வண்டிக்கு இரும்புப் பின் வேண்டாம். பத்து நாளில் செருப்பின் அடி சல்லடையாகிவிடும். வெறுங்காலோடு மிதிக்கிற பிள்ளைக்குக் காயமும் ஆகும். அந்த 22 இன்ச் வண்டிக்குப் பழைய ரப்பர் கட்டைப் பெடலே சரி. ரப்பர் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்; அதைவிடச் சிக்கனமான ஏற்பாடு இன்னும் வரவில்லை.

200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்கும் நெடுந்தூர ஓட்டம்), மலையேற்றம் என்று போகிறவர்களுக்குக் கிளிப் பெடல் ஆசை வரும். இங்கேதான் பணம் கசியும் இடம். கிளீட்டில் இரண்டு குடும்பங்கள். மூன்று போல்ட் போடும் பெரிய பிளாஸ்டிக் கிளீட் ரோடு பைக்குக்கு. இரண்டு போல்ட் போடும் சின்ன இரும்புக் கிளீட்டை ஷிமானோ 1990-இல் மலை சைக்கிளுக்கென்று கொண்டுவந்தது, அதுதான் எஸ்பிடி. ரோடு பைக் என்றால் மூன்று போல்ட்தான் போட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஒன்றுக்கு மேல் வண்டி வைத்திருந்து செலவைக் குறைக்க நினைப்பவருக்கு எங்கள் பதில் ஒன்றே: கிளிப் பெடல் போடும் எல்லா வண்டிக்கும் இரண்டு போல்ட் எஸ்பிடி. இரும்புக் கிளீட் ஷூவின் அடிக்குழிக்குள் ஒளிந்திருக்கும். டீக்கடைக்கு நடந்து போகலாம், ரயில் நிலையப் படி ஏறலாம். பிளாஸ்டிக் கிளீட்டோடு தார் ரோட்டில் நடந்தால் அது தேய்ந்துகொண்டே போகும். பல்லெல்லாம் போனபின் மாட்டினாலும் நிற்காது. இன்னொரு தொல்லை: ஷிமானோவின் எஸ்பிடி-எஸ்எல், லுக் நிறுவனத்தின் கியோ இரண்டும் மூன்று போல்ட்தான், ஒரே ஷூவில் இரண்டும் ஏறும்; ஆனால் ஒன்றின் கிளீட் மற்றொன்றின் பெடலில் மாட்டாது. செகண்ட்ஹேண்டில் வாங்குவோர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

எஸ்பிடியில் சிக்கனத்துக்குப் பேர்போனது ஷிமானோ எம்520. ஜோடி 380 கிராம். இரண்டு பக்கமும் மாட்டும். எடை குறைந்த அண்ணன்மார் உண்டு. வித்தியாசம் சில பத்து கிராம்தான். வெயிட்டைக் குறைக்க வேண்டுமென்றால் தண்ணீர் பாட்டிலைப் பாதி நிரப்பிக்கொள்ளலாம். பெட்டிக்குள்ளேயே எஸ்எச்51 கிளீட் ஒரு ஜோடி வரும். இரண்டு வண்டிக்கு இரண்டு ஜோடிப் பெடல் வாங்கினால் ஒரு செட் கிளீட் கையிருப்பாக மிஞ்சும். கணக்குப் போடும்போது இதையும் சேருங்கள். வீட்டில் வேறொருவரும் சாதாரண ஷூவோடு எடுக்கும் வண்டிக்கு, ஒரு பக்கம் எஸ்பிடி, மறுபக்கம் தட்டை என்று வரும் இஎச்500 போன்றது பொருந்தும். ஆனால் சிக்னலில் ஒவ்வொரு முறையும் காலால் பெடலைப் புரட்டிச் சரியான பக்கத்தைத் தேட வேண்டும். நெரிசலில் தினமும் ஓட்டுகிறவருக்கு அது எரிச்சல்.

பெயர் தெரியாத கம்பெனிகளின் 'எஸ்பிடி மாதிரி' பெடலும் கிடைக்கும். அதோடு வரும் கிளீட்டையே போட்டால் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் ஒரு வண்டியில் ஷிமானோ, இன்னொன்றில் அது, ஷூ மட்டும் ஒன்று என்றால் ஏதோ ஒன்றில் இறுகிக்கொள்ளும் அல்லது நழுவும். வண்டிகள் பல என்றால் கம்பெனி ஒன்றாக இருக்கட்டும்.

எல்லா வண்டியிலும் ஒரே பெடல், ஒரே ஷூ என்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பெடல் கீழே இருக்கும்போது அதன் மேற்பரப்பிலிருந்து சீட்டின் உச்சிவரை ஒரு வண்டியில் அளந்த உயரத்தை மற்ற வண்டிக்கும் அப்படியே வைத்துத் தொடங்கலாம். பெடலின் தடிமனும் ஷூ அடியின் தடிமனும் மாறினால் இந்த அளவும் மாறும். முழங்கால் வலிக்கு ஆயிரம் காரணம் தேடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரே ஜோடியைக் கழற்றிக் கழற்றி மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் வாராவாரம் வேண்டாம். பெடல் ஆக்சில் எஃகு, கிராங்க் பெரும்பாலும் அலுமினியம். மரை கோணலாக ஏறிவிட்டால் பலியாவது கிராங்க். ஒரு பெடல் விலையை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு கிராங்க் விலை கொடுப்பதாக முடியும். கழற்றாமல் பெடலை மட்டும் உருவி எடுக்கும் எம்கேஎஸ் எசி போன்ற ஜப்பான் பெடல்கள் இருக்கின்றன. மடக்குச் சைக்கிளை ரயிலில் கொண்டு போகிறவருக்கு அருமை, சிக்கனம் தேடுகிறவருக்கு இல்லை. இரண்டு மலிவு ஜோடி, ஒரு விலையுயர்ந்த ஜோடியைவிட மேல்.

கடையில் கையில் எடுத்ததும்

கடைக்காரர் பெடலைச் சுண்டிவிட்டு, விர்ரென்று சுற்றுவதைக் காட்டுவார். அது ஒன்றும் நல்ல சகுனம் இல்லை. போதுமான கிரீஸ் இருக்கும் புதுப் பெடல் இரண்டு மூன்று சுற்றில் நின்றுவிடும். ரொம்ப நேரம் சுற்றினால் உள்ளே கிரீஸ் கஞ்சத்தனமாகப் போட்டிருக்கிறது. ஆக்சிலை ஒரு கையால் பிடித்து, மறு கையால் பெடலை மிக மெதுவாகத் திருப்புங்கள். மணல் அரைவது போல நறநறத்தால் பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் கோன் அதிகம் இறுகியிருக்கிறது. மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்றால் தளர்வு.

பிறகு பெடலின் வெளிமுனையைப் பாருங்கள். கழற்றக்கூடிய மூடி இருந்தால் உள்ளே லாக் நட்டும் கோனும் இருக்கும். ஐந்து வருடம் ஓட்டலாம். மூடியே இல்லாமல் அடைத்திருந்தால் அது தூக்கியெறியும் பெடல். தூக்கியெறியும் பெடலுக்கும் இடம் உண்டு, மாதம் இரண்டு தடவை எடுக்கும் வண்டியில். தினம் ஓட்டும் வண்டியில் அல்ல.

மாட்டும்போது

15 மில்லிமீட்டர் பெடல் ஸ்பேனர் ஒன்று வேண்டும். சாதாரண 15 ஸ்பேனர் தடிமனாக இருப்பதால் பெடலுக்கும் கிராங்குக்கும் இடையே நுழையாது. சில பெடல்களில் ஸ்பேனர் பிடிக்க இடமே இருக்காது. கிராங்கின் உட்பக்கத்திலிருந்து 6 அல்லது 8 எம்எம் அலன் கீ போட வேண்டும். எம்520 போன்றவற்றில் எது என்று முதலில் பார்த்துவிட்டுக் கருவி வாங்குங்கள்.

எந்தப் பக்கம் திருப்புவது என்ற குழப்பத்துக்கு ஒரே விதி: ஸ்பேனரின் கைப்பிடி மேல் நோக்கி நிற்கட்டும். பின் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் கழலும், முன் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இறுகும். இரு பெடலுக்கும் இதேதான். உட்பக்கத்திலிருந்து அலன் கீ போட்டாலும் இதேதான். தொடங்கும் முன் செயினை முன்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் ஏற்றிவிடுங்கள். ஸ்பேனர் வழுக்கினால் விரல் பல்லில் படாமல் தப்பிக்கும்.

கிராங்கின் துளையைத் துணியால் துடைத்து, ஆக்சில் மரையில் கிரீஸைத் தடவுங்கள். மெக்கானிக் கடையில் கிடைக்கும் சாதாரண பேரிங் கிரீஸ் போதும். முதல் மூன்று நான்கு சுற்று கண்டிப்பாக வெறும் விரலால். விரலுக்கு வரவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது அல்லது பக்கம் மாறியிருக்கிறது. ஸ்பேனரால் 'வழிக்குக் கொண்டுவர' முயன்றால் மரை அடிபடும். கடைசியாக 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லையென்றால், ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் 12 கிலோ தொங்கும் அளவுக்கு அழுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

எஸ்பிடி என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. பிடிப்பின் இறுக்கத்தை மாற்ற 3 எம்எம் அலன் கீயால் திருகும் சின்ன ஸ்க்ரூ, பெடலின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று, ஜோடிக்கு நான்கு. எல்லாவற்றையும் மிகத் தளர்வான நிலைக்குக் கொண்டுவந்து (ஸ்க்ரூ வெளியே வந்துவிடாமல்), அங்கிருந்து எண்ணிக்கொண்டே நான்கிலும் ஒரே அளவு கிளிக் வையுங்கள். அடுத்த வண்டியிலும் அதே எண்ணிக்கை. ஒரு வண்டியில் இரண்டு கிளிக், இன்னொன்றில் எட்டு என்றிருந்தால் பழகிய கால் சிக்னலில் ஏமாறும், வண்டியோடு சாய வேண்டியதுதான். புதிதாகப் பழகுகிறவர்கள் கிளீட்டை மட்டும் எஸ்எச்56-க்கு மாற்றிக்கொள்ளலாம். வெள்ளி நிறம், பல திசையில் இழுத்தாலும் விடும். கறுப்பு எஸ்எச்51 குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். ஒரு ஷூவில் இது, இன்னொரு ஷூவில் அது என்று கலக்காதீர்கள்.

பிறகு வரும் கோளாறுகள்

பெடல் திரும்பத் திரும்பத் தானே கழன்றால் இறுக்கம் போதவில்லை என்று மட்டும் நினைக்க வேண்டாம். பேரிங் இறுகிப்போன பெடல், நீங்கள் முன்னோக்கி மிதிக்க மிதிக்கத் தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும். இடது வலது மரை அமைப்பு சாதாரண ஓட்டத்தில் பெடல் தளராமல் காக்கும்; செத்த பேரிங்கிடமிருந்து காக்காது.

ஒவ்வொரு மிதிக்கும் 'டிக்' சத்தம் வந்தால் நடு அச்சைப் பிரிப்பதற்கு முன் பெடலைக் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் போட்டு மாட்டிப் பாருங்கள். செலவே இல்லாமல் தீர்வது பல நேரம் இதுதான்.

கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றில் எஃகும் அலுமினியமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முக்கியமாக ஐப்பசி கார்த்திகை மழை முடிந்ததும், எல்லா வண்டியின் பெடலையும் ஒரே நாளில் கழற்றி மறுபடி மாட்டிவிடுங்கள். ஏற்கெனவே பிடித்துக்கொண்டது என்றால் துரு நீக்கும் எண்ணெயை இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் கிராங்க் முனையில் கொதிநீர் ஊற்றுங்கள். எஃகைவிட அலுமினியம் அதிகம் விரியும். அந்தச் சில நொடிகளுக்குள் ஸ்பேனரில் ஒரு குழாயை மாட்டித் தள்ள வேண்டும்.

மூடி உள்ள பெடலைப் பிரிக்கும்போது கீழே ஒரு தட்டு வையுங்கள். பேரிங்கின் குண்டுகள், அதாவது பால்ஸ், பெரும்பாலும் 5/32 அங்குலம். ஒரு பக்கத்தில் எத்தனை என்று எண்ணி எழுதி வைத்துவிட்டே துடையுங்கள். பழைய பால்ஸைத் திருப்பிப் போடாமல் புதிதாகப் போடுங்கள், சில ரூபாய்தான். கோனைக் கையால் முட்டும்வரை திருகி, கால் சுற்றுப் பின்னால் எடுத்து, லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது கோனும் கூடவே சுற்றிவிடும் என்பதால் இரண்டு மூன்று தடவை செய்தால்தான் ஆட்டமும் இல்லாமல் நறநறப்பும் இல்லாமல் வரும்.