ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிப்பது எப்படி? கார் விபத்தில் காயமடைந்தவர்களுக்கான செய்முறை விளக்கம்

கார் மோதிக் காயமடைந்தவர்களில் பலர், ‘அவர்தான் வந்து இடித்தார்’ என்று சொன்னாலே இழப்பீடு கிடைத்துவிடும் என்று நம்புகிறார்கள். இடித்தது வேறு, கவனக்குறைவால் இடித்தது வேறு. இரண்டாவதை நிரூபிக்கும் பொறுப்பு பெரும்பாலும் காயமடைந்தவரையே சேர்கிறது. நியூசிலாந்தைப் போல, 1974 முதல் யார்மீது தவறு என்று பாராமலே விபத்துக் காயங்களுக்கு இழப்பீடு தரும் நாடுகளும் உண்டு என்பதால், உங்கள் நாட்டுச் சட்டம் எந்த வகை என்பதை முதலில் கேட்டறியுங்கள். ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில், குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எதிர்தரப்பு சொல்வதைவிட நீங்கள் சொல்வதுதான் நடந்திருக்கக்கூடியது என்று காட்டினால் போதும்.

படி 1: அழியக்கூடியதை முதலில் கைப்பற்றுங்கள்

காவல்துறை அறிக்கையைப் பிறகும் வாங்கலாம். அருகிலுள்ள கடையின் சிசிடிவி பதிவோ சில நாள்களிலேயே தானாக அழிந்து, அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும். ஆகவே அதைப் பாதுகாத்து வைக்கும்படி உடனே எழுத்து மூலம் கேளுங்கள். டயர் தடங்கள், உடைந்த கண்ணாடித் துண்டுகள், சிக்னல், வேக வரம்புப் பலகை ஆகியவற்றை அருகிலிருந்தும் தொலைவிலிருந்தும் படமெடுத்து, தடத்தின் நீளத்தை அளவு நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உங்களால் எழுந்து நடக்க முடியாவிட்டால், உடனிருப்பவரிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள். நேரில் கண்டவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அன்றே கையில் இருக்க வேண்டும்.

படி 2: ஓட்டுநர் எந்தக் கடமையை மீறினார் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

சாலையைப் பயன்படுத்தும் அனைவரிடமும் ஓட்டுநருக்குக் கவனக் கடமை உண்டு என்பதில் யாரும் தகராறு செய்வதில்லை. தகராறெல்லாம் அதை மீறினாரா என்பதில்தான். ‘கண்மூடித்தனமாக ஓட்டினார்’ என்பது வெறும் வசை. ‘சிவப்பு விளக்கு எரிந்தபோது சந்திப்புக்குள் நுழைந்தார்’ என்பது நிரூபிக்கக்கூடிய கூற்று. தாம் புதிதாக ஓட்டப் பழகுபவர் என்று அவர் சொன்னாலும் அது தப்பிக்க வழியாகாது. திறமையும் அனுபவமும் உள்ள ஓட்டுநரிடம் எதிர்பார்க்கும் கவனத்தையே பழகுநரிடமும் எதிர்பார்க்க வேண்டும் என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1971இல் தீர்ப்பளித்தது.

படி 3: வேகத்தைக் கணக்கிடுங்கள்

உலர்ந்த தார்ச்சாலையில் 20 மீட்டர் நீளத்துக்குச் சறுக்குத் தடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிப்பைக் குறிக்கும் எண்ணான உராய்வுக் கெழுவை 0.7 என்று எடுத்துக்கொண்டு, அதைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆலும், தடத்தின் நீளத்தாலும், 2ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 274 வரும். அதன் வர்க்கமூலம் விநாடிக்கு 16.6 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். தடம் முடிந்த இடத்திலும் கார் நிற்காமல் வந்து மோதியிருந்தால், உண்மையான வேகம் இதைவிடக் கூடுதல். வேக வரம்பு 40 என்றால், அந்தத் தடமே உங்கள் சாட்சி. நீதிமன்றத்தில் இந்தக் கணக்கை விபத்து ஆய்வு நிபுணர்தான் எடுத்துவைக்க வேண்டும். ஆனால் நீளத்தை அன்றைக்கே அளக்காவிட்டால் அவராலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் உள்ள கார்களில் தடம் தெளிவாக விழாமல் போகலாம். அப்படியானால், புதிய கார்கள் பலவற்றில் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் இருக்கும் பதிவுக் கருவியை நாடுங்கள். மோதலுக்கு முந்தைய சுமார் 5 விநாடிகளின் வேகமும், பிரேக் மிதிக்கப்பட்டதா என்பதும் அதில் பதிவாகியிருக்கும். பழுதுபார்க்கவோ உடைத்து விற்கவோ கார் போய்விட்டால் அந்தப் பதிவும் போய்விடும் என்பதால், காரை அப்படியே வைத்திருக்கும்படி எதிர்தரப்புக்கு வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்புங்கள்.

படி 4: மீறலையும் காயத்தையும் இணையுங்கள்

என் பார்வையில் வழக்குகள் வலுவிழப்பது பெரும்பாலும் இங்கேதான். கழுத்துவலி தானாகச் சரியாகிவிடும் என்று மூன்று வாரம் பொறுத்திருந்து, பிறகு மருத்துவரிடம் போனால், ‘இது பழைய வலி’ என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதிடும். விபத்தன்றே, முடியாவிட்டால் மறுநாளே பரிசோதனை செய்துகொண்டு, எப்படி மோதியது, எங்கே வலிக்கிறது என்பதை மருத்துவக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். பழைய நோய் இருந்திருந்தால் மறைக்க வேண்டாம். விபத்தால் அது மோசமானதற்கும் இழப்பீடு கேட்கலாம். மருத்துவ ரசீதுகளையும் சம்பளம் இழந்ததற்கான சான்றுகளையும் தேதி வாரியாகக் கோத்து வையுங்கள்.

படி 5: உங்கள் பங்கையும் கணக்கில் கொள்ளுங்கள்

எதிர்தரப்பு உங்கள் தவறையும் தேடும். 1975இல் இங்கிலாந்தில் வந்த சீட் பெல்ட் தீர்ப்பொன்று இதற்கு அளவுகோல் வகுத்தது: பெல்ட் அணிந்திருந்தால் காயமே ஏற்பட்டிருக்காது என்றால் 25 சதவீதமும், காயம் கணிசமாகக் குறைந்திருக்கும் என்றால் 15 சதவீதமும் இழப்பீட்டில் கழிக்கப்படும். அணிந்திருந்தாலும் அதே காயம்தான் ஏற்பட்டிருக்கும் என்றால் கழிவே இல்லை. எனவே பெல்ட் அணியாதவர்கள் தங்கள் மருத்துவ நிபுணரிடம் இந்தக் கேள்வியையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.