அலாய் வீலில் காய்ந்த பசையை எடுப்பது, அப்படியே டயரையும் படித்துப் பார்ப்பது

நான்குநேரி தாண்டியதும் நாலுவழிச் சாலை நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். அங்கே வண்டி 80-ஐத் தொட்டால் ஸ்டியரிங் கையில் துடித்தது. 60-க்குக் குறைத்தால் அடங்கியது. மறுநாள் காலையில் முன்வீலின் உட்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். வீல் சீராகச் சுற்றுவதற்காக ஒட்டும் சின்ன எடைத் துண்டான பேலன்சிங் வெயிட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு பிசுபிசுப்பு மட்டும்.

டயர் கடையில் வெயிட் வைக்கும்போதே கேட்டேன்: "அண்ணாச்சி, பழைய பசைய எடுக்காம மேலயே ஒட்டுதியளே, நிக்குமா?"

"அதெல்லாம் கிண்ணுன்னு நிக்கும் தம்பி."

12 நாள் நின்றது. அப்புறம் நானே உட்கார்ந்து சுரண்டினேன். முதல் தடவை செய்கிறவர்களுக்காக, நான் செய்த தப்புகளையும் சேர்த்து எழுதுகிறேன்.

அலாய் வீலுக்கு உள்ளே ஒட்டுவது 5 கிராம், 10 கிராம் துண்டுகள். பின்னால் இருபக்கமும் ஒட்டும் ஃபோம் டேப் இருக்கும். வெயிட் விழுந்தாலும் டேப் பாதி ஒட்டிக்கொண்டே நிற்கும். பிரேக் தூசி அதில் படிந்து தார் மாதிரி ஆகிவிடும். அதன்மேல் புது வெயிட் ஒட்டினால் அது வீலைப் பிடிப்பதில்லை, அழுக்கைத்தான் பிடிக்கிறது. உங்கள் வண்டியில் இரும்பு ரிம் என்றால் வெயிட்டை ஓரத்தில் கிளிப் போல அடித்திருப்பார்கள், பசையே இருக்காது. நீங்கள் நேராக டயர் பகுதிக்குப் போய்விடலாம்.

வீலைக் கழற்றுங்கள்

வீல் வண்டியில் இருக்கும்போதே உள்ளே எண்ணெய் ஸ்பிரே அடிக்கும் ஆசை வரும். வேண்டாம். பக்கத்திலேயே பிரேக் டிஸ்க் இருக்கிறது. அதில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் வைத்து, எதிர்ப்பக்க வீலுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வீல் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி. வண்டிக்கு அடியில் தலையோ காலோ போகக்கூடாது.

வேறு இடத்தில் நல்ல வெயிட் ஒட்டியிருந்தால் அதைத் தொடாதீர்கள். பழைய பசை மட்டும்தான் நம் இலக்கு.

நம் ஊர் வெயில்

முதலில் ஷாம்பூ தண்ணீரில் கழுவி மண்ணைப் போக்குங்கள். மண்ணோடு தேய்த்தால் அந்த மண்ணே கீறிவிடும். வேறு ஊர்க்காரர்கள் இந்த இடத்தில் ஹேர் டிரையர் எடுப்பார்கள். சித்திரை மாதத்துப் பாளையங்கோட்டையில் அதற்கு அவசியமே இல்லை. பசை உள்ள பக்கம் வெயில் படும்படி வீலை முற்றத்தில் அரைமணி நேரம் போட்டுவிட்டு வந்தால் போதும், பசை இளகிவிடும்.

சூட்டோடு சூடாகப் பழைய ஏடிஎம் கார்டைப் படுக்கைவாட்டில் கொடுத்துத் தள்ளுங்கள். ஃபோம் பிய்ந்து பிய்ந்து வரும். அடியில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு படலம் தங்கும். அது கார்டுக்கு மசியாது.

அப்போது வீலை நிழலுக்குக் கொண்டுவந்து ஆறவிடுங்கள். இங்கேதான் நான் தப்பு செய்தேன். சுடும் வீலிலேயே டர்பன்டைன் ஊற்றினேன், பசையில் ஊறுவதற்குள் அது ஆவியாகிப் போய்விட்டது. ஆறிய வீலில், பெயின்ட் கடை டர்பன்டைனோ மண்ணெண்ணெயோ நனைத்த துணியைப் பசைமேல் 10 நிமிடம் போட்டுவையுங்கள். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள். துணியில் பெயின்ட் நிறம் ஏறினால் நிறுத்திவிடுங்கள். இரண்டும் இல்லையென்றால் தேங்காய் எண்ணெய். அது மெதுவாகத்தான் வேலை செய்யும், ஒரு மணி நேரம் விடவேண்டும். எது போட்டாலும் டயர் ரப்பரில் வழியவிடாதீர்கள். கையுறை மாட்டிக்கொள்ளுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

ஊறிய பசையைப் பெருவிரலால் அழுத்தித் தள்ளினால் திரி திரியாக உருண்டு வரும். அப்படி வந்தால் பதம் சரி. இழுத்தால் நூல் மாதிரி நீண்டால் இன்னும் ஊறவேண்டும். அவசரப்பட்டு பிளேடு, ஸ்க்ரூடிரைவர், கம்பி பிரஷ் எடுத்தால் மேல்பூச்சு போய்விடும்; அந்தக் கீறலில் தண்ணீர் இறங்கி அலுமினியம் வெள்ளை பூக்கும். தின்னரும் அந்தப் பூச்சைத் தின்னும்.

கடைசியாகச் சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவி, காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் புது வெயிட் நிற்காது. பட்ட பாடெல்லாம் வீண்.

வீல் கையில் இருக்கும்போதே

டயரைப் படித்துவிடுங்கள். பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். என்னுடையதில் 3518. அதாவது 2018-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்தது. ஒரு பக்கத்தில் காணவில்லை என்றால் மறுபக்கம் பாருங்கள்.

டயர் தரையில் படும் பக்கத்துக் கோடு நன்றாக இருக்கிறதே என்று ஏமாறுவது நம் பக்கத்தில் அதிகம். பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருப்பார்கள். வண்டி ஊரில் வெயிலில் நிற்கும். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஓடும். கோடு தேயாது, ரப்பர் மட்டும் கெட்டியாகி, பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு விடும். 5 வருடம் ஆனதும் ஆண்டுக்கு ஒருமுறை கடையில் காட்டுங்கள். 10 வருடமான டயரை, ஸ்டெப்னியாக இருந்தாலும், நம்பாதீர்கள்.

தேய்மானத்தைப் பார்க்க, கோடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்துக்குள் சின்ன மேடு இருக்கும். கோடு அந்த மேட்டுக்குச் சமமானால் மிச்சம் 1.6 மி.மீ. தான், மாற்றியே ஆகவேண்டும். நான் அதுவரை காத்திருக்க மாட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையில் தண்ணீர் நிற்கும்போது அந்த டயர் தண்ணீர்மேல் வழுக்கும். 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவேன்.

எதை வாங்குவது

185/65 ஆர்15 88எச் என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். அகலம் 185 மி.மீ.; அதில் 65 சதவீதம் பக்கவாட்டு உயரம்; ஆர் என்றால் ரேடியல், இப்போது கார்களில் வரும் வழக்கமான வகை; ரிம் 15 அங்குலம். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. கடைசி இரண்டும் பழையதைவிடக் குறைந்த டயரை விலைக்காக வாங்காதீர்கள்.

"கொஞ்சம் அகலமா போடுங்க, பார்க்க கெத்தா இருக்கும்" என்று கடையில் சொல்வார்கள். 195/65 போட்டால் மொத்த விட்டம் சுமார் 621-லிருந்து 634 மி.மீ. ஆகும், மீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாக ஓடும். டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவே எனக்குப் போதும்.

கம்பெனிப் பெயரைவிடத் தேதியை முதலில் பாருங்கள்; ஆறு மாதத்துக்குள் செய்ததாகக் கேளுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கவேண்டும். இரண்டுதான் வாங்க முடியும் என்றால் ஒரே மாதிரி ஜோடியாக வாங்கி, அதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்வீல் இழுக்கிற வண்டியாக இருந்தாலும் பின்னால்தான். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும்.

டயரோடு வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். பேலன்சிங் முடிந்து புது வெயிட் ஒட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். காற்று, வண்டி ஓடாத காலை நேரத்தில், அதே கதவுச் சட்டத்தில் போட்டிருக்கும் காற்றழுத்த அளவில் அடியுங்கள். நட்டை நட்சத்திர வடிவில் எதிரெதிராக முறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் ஸ்பேனரால் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.