பல சொற்பொழிவுகளை இணைக்கும் மையக் கருத்தைக் கண்டறிவது எப்படி?

எழுச்சியூட்டும் சொற்பொழிவுகளைத் தனித்தனியாகப் படிக்கும்போது ஒவ்வொன்றும் மனத்தைத் தொடுகிறது. ஆனால் அவையெல்லாம் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று யாரேனும் கேட்டால், நம்மில் பலருக்கு விடை வருவதில்லை. கும்பகோணத்தில் எங்கள் வாசகர் வட்டம் கடைப்பிடிக்கும் முறையை, முதன்முறையாக முயல்வோருக்காக இங்கே எழுதுகிறேன். பயிற்சிக்கு, 1897ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுவாமி விவேகானந்தர் கொழும்பிலிருந்து சென்னை வரை ஆற்றிய உரைகளை எடுத்துக்கொண்டோம். அவற்றுள் ஒன்று எங்கள் ஊரில் நிகழ்த்தப்பட்டது என்பதே எங்களுக்குப் போதுமான காரணமாக இருந்தது.

முதலில், ஐந்து உரைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். நாங்கள் கொழும்பு, ராமேஸ்வரம், கும்பகோணம் உரைகளில் தலா ஒன்றையும் சென்னை உரைகளில் இரண்டையும் வைத்துக்கொண்டோம்.

அடுத்து, ஒவ்வோர் உரைக்கும் ஓர் அட்டை எழுதுங்கள். இந்தப் படியில்தான் பலரும் தவறுகிறார்கள், நாங்களும் தவறினோம். திரும்பத் திரும்ப வரும் சொற்களை எண்ணி, 'வலிமை', 'பக்தி', 'நாடு' என்று அட்டைகளை நிரப்பினோம். ஒரு மாலை முழுவதும் திண்ணையில் அவற்றைப் பரப்பி, ஆடிக் காற்றில் பறக்காமலிருக்கக் கூழாங்கல் வைத்து, இடம் மாற்றி மாற்றி அடுக்கியும் எதுவும் புலப்படவில்லை. தனிச்சொல் பேசுபொருளைச் சுட்டுமே தவிர, அதைப் பற்றிப் பேச்சாளர் என்ன கருதுகிறார் என்பதைச் சொல்லாது. ஆகவே, 'கேட்பவரை என்ன செய்யச் சொல்கிறார், ஏன்?' என்ற கேள்விக்கு விடையாக ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள்.

அவ்வாறு எழுதியபோது எங்களுக்குக் கிடைத்தவற்றுள் மூன்று இவை. ராமேஸ்வரம்: ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவரே உண்மையில் சிவனை வழிபடுகிறார். கும்பகோணம்: ஆன்மா எல்லையற்றதாகையால், பலவீனம் என்னும் மயக்கத்திலிருந்து விழித்தெழ வேண்டும். சென்னை: இளைஞர்கள் கால்பந்து ஆடி உடலை உறுதிப்படுத்தினால் கீதை அவர்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும். வழிபாடு, துணிவு, விளையாட்டு என மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் வெவ்வேறு.

இப்போது 'ஏன்' என்ற பகுதிகளை மட்டும் அருகருகே வைத்துப் படியுங்கள். கன்னி வாய்க்காலில் தொடங்கி மடை, மதகு என்று எதிர்த்து நடந்தால் ஆற்றுத் தலைப்பை அடைவதுபோல, காரணத்துக்குக் காரணம் கேட்டுக்கொண்டே செல்லுங்கள். ஒவ்வொரு மனிதரிடமும் தெய்வத்தன்மை உறைகிறது என்ற ஒரே நம்பிக்கைக்கு மூன்று அட்டைகளும் வந்து சேர்ந்தன.

கிடைத்த கருத்தை உடனே நம்பிவிடாதீர்கள். எந்த அட்டை ஒத்துவராது என்று தேடுங்கள். கால்பந்து எங்களை வெகுநேரம் தடுத்தது. மூலத்தை மீண்டும் படித்தபோது, உடல் உறுதியானால் ஆன்மாவின் பெருமையும் விளங்கும் என்று அவரே தொடர்ந்து கூறுவதைக் கண்டோம். ஆனால், கொழும்பு உரையும், தம் செயல்திட்டத்தை விளக்கிய மற்றொரு சென்னை உரையும் இதில் முழுமையாக அடங்கவில்லை. இந்தியாவின் உயிர்நாடி சமயமே என்பது அவற்றின் வாதம். இந்த இரண்டு கருத்துகளையும் வலிந்து ஒன்றாக்குவது பேச்சாளருக்குச் செய்யும் அநீதி என்று கருதி, அதை இரண்டாவது மையக் கருத்தாகத் தனியே வைத்தோம்.

இறுதியாக, ஒவ்வொரு மையக் கருத்தையும் ஒரு பத்தியாக விரித்து, எந்த உரையின் எந்தப் பகுதி அதற்குச் சான்று என்பதையும் உடன் குறியுங்கள். பிறகு ஆறாவது உரையைப் படித்து, அந்தப் பத்திகளில் எதைத் திருத்த வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.