சிங்கப்பூர் வந்தாச்சு சரி, ஊரில் அப்பா அம்மா?

மன்னார்குடி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கமிருந்து புதிதாக இங்கே வந்து இறங்குபவர்களுக்கு வாடகை அறை, சிம் கார்டு, எம்ஆர்டி ரயில் பற்றிச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் சொல்வது ஊரில் விட்டு வந்த பெரியவர்களைப் பற்றி. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டிய வேலை இது.

மழையோடு டெல்டாவில் சளிக்காய்ச்சலும் வந்துவிடும். இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ), மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸ், கொரோனா எல்லாம் நமக்கு நாலு நாள் தொல்லை. அதுவே 65 தாண்டியவர்களை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். நிமோனியா பிடிக்கும், சர்க்கரை எகிறும், ஏற்கெனவே பலவீனமான இதயம் திணறும். ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வாய்ப்பு ஆறு மடங்கு வரை கூடுகிறது என்று 2018இல் கனடா ஆய்வு ஒன்று சொன்னது.

நான் வந்த முதல் வருடம். "அப்பாவுக்கு லேசா சளிதான்ப்பா, ஜுரம்கூட இல்லை" என்றார் அம்மா. போனை வாங்கிய அப்பா என்னைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நாத்து பறிக்க ஆள் வந்தாச்சா?" என்று கேட்டார். நடவு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து வைத்துவிட்டேன். மறுநாள் காலை பக்கத்து வீட்டு அண்ணன் வந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை அப்பா விரலில் மாட்டிப் பார்த்தால் 87. அப்புறம்தான் 108க்கு போன்.

வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமலே நோய் முற்றலாம். பேச்சில் குழப்பம், சோறு வேண்டாம் என்பது, திடீரென்று தடுமாறி விழுவது, ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூச்சு வாங்குவது, இவைதான் அறிகுறி. அதனால் "நல்லா இருக்கீங்களா" என்று மட்டும் கேட்டு வைக்காதீர்கள். இன்று என்ன சாப்பிட்டார், யார் வந்து போனார்கள் என்று அவரையே பேச விடுங்கள்.

ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கி அனுப்புங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். வழக்கமாக நன்றாக இருப்பவருக்கு 94க்குக் கீழே இறங்கினால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். 90க்குக் கீழே என்றால் யோசிக்க நேரமில்லை. கை சில்லென்று இருந்தாலோ மருதாணி அடர்த்தியாக இருந்தாலோ எண் தப்பாகக் காட்டலாம். கையைத் தேய்த்துச் சூடாக்கி வேறு விரலில் பாருங்கள்.

ஃப்ளூ ஊசி வருடம் ஒரு முறை. போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பலன் என்பதால் செப்டம்பரிலேயே முடிப்பது நல்லது. நிமோனியா ஊசியும் போடலாமா என்று அப்போதே கேளுங்கள். ஆவி பிடிப்பது, தூதுவளை ரசம் எல்லாம் இதமாக இருக்கும், தடுக்க வேண்டாம். மருந்துக் கடையில் தானாக ஆன்டிபயாடிக் வாங்குவதை மட்டும் தடுங்கள், வைரஸுக்கு அது வேலை செய்யாது. ஃப்ளூவுக்கான மாத்திரை முதல் 48 மணி நேரத்தில் ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும்.

ஒரு ஃபைல் போடுங்கள். ஆதார், காப்பீட்டு அட்டை, பழைய ஈசிஜி, சாப்பிடும் மாத்திரைப் பட்டைகளின் போட்டோ. என் அம்மாவுக்குத் தெரிந்தது "வெள்ளை மாத்திரை, பாதி மாத்திரை" மட்டும்தான். ரத்தம் உறையாமலிருக்க அப்பா எடுக்கும் மாத்திரையின் பெயரை நான் இங்கே ராத்திரி ஷிப்டில் நின்றுகொண்டு பழைய வாட்ஸ்அப்பில் தேடினேன். எந்த ஆஸ்பத்திரி, யாருடைய கார், வார்டில் கூட இருக்கப்போவது யார் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். தஞ்சாவூர், திருவாரூர் இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. அட்வான்ஸ் கட்டக் கையில் பணம் இருக்கட்டும். அப்பாவின் ஏடிஎம் பின் (PIN) நம்பர் அவருக்கு மட்டும் தெரிந்தால் அவசரத்துக்கு உதவாது.

டாக்டரிடம் போனில் பேசும்போது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன், நேற்றைவிடக் கூடியதா குறைந்ததா, எக்ஸ்ரேயில் நிமோனியா உண்டா என்று கேளுங்கள். டிக்கெட் போடுவதா வேண்டாமா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.

தீபாவளிக்குப் போகிறீர்களா? மூக்கு ஒழுகினால் முதல் நாலைந்து நாள் முகக்கவசம் போடுங்கள். பேரப்பிள்ளைகள் இருமினால் தாத்தா மடியில் உட்கார வைக்காதீர்கள். ஆர்எஸ்வி பெரும்பாலும் அந்த வழியில்தான் வருகிறது.

டிஸ்சார்ஜ் ஆனதும் முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஒன்பது நாள் படுக்கையில் கால் வலு போய்விட்டது. கழிவறைக்குப் போக ஒரு ஆள் தேவைப்பட்டது, அதற்கு நான் ஏற்பாடே செய்யவில்லை. மூன்றாவது வாரம்தான் தடி ஊன்றி வாய்க்கால் மதகு வரை நடந்தார். அம்மா எடுத்து அனுப்பிய வீடியோவில் பாதி வரப்பும் பாதி அம்மாவின் விரலும்தான் தெரிந்தது.